சிறுதேரும் சிறுகலமும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் குழந்தையின் பத்தாம் பருவத்தைச் சிறுதேர்ப் பருவமென வகுத்தனர். பெரியோர் ஊரும் தேரைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையிற் கொடுக்கும் வழக்கம் அப்பெயரிலேயே நிலைபெற்றுவிட்டது. ஆயின், திரைகடலோடிப் பொருளீட்டிய ஒரு மக்களின் இலக்கியத்தில் சிறுதேருக்குக் கிடைத்த பருவம் சிறுகலத்துக்குக் கிடைக்கவில்லை. மாரிகாலத்து வெள்ளத்திற் கடதாசிக் கப்பல் விடாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. எனினும் அவ்விளையாட்டு கடதாசியோடு தோன்றிக் கடதாசியோடு கரைந்துபோவது. தேரைச் சிறிதாக்குபவனுக்குத் தரை இடைஞ்சல் செய்வதில்லை. கலத்தைச் சிறிதாக்க முனைபவனோ நீரோடும் காற்றோடும் வழக்காட வேண்டியவனாகிறான்.

காங்கேசன்துறையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் முதியவர் ஒருவர் இவ்வழக்கிலே இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டார். அவர் புகையிரதப் பகுதியிலே பணியாற்றி நிலைய அதிபராக ஓய்வுபெற்றவர். அயலார் இன்றும் அவரை 'ஸ்டேசன் மாஸ்ரர்' என்றே அழைக்கின்றனர். 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தத்தம் வீடுகளை விட்டு வெளியேறியபோது அவரும் வெளியேறினார். பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுள் அவருடையதும் ஒன்று. திரும்பிச் சென்றபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு நிலைகளும் இல்லை. கிணறும், ஒருகாலத்திற் புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பதற்கென அவருடைய தந்தையார் கட்டுவித்த பெரிய சீமெந்துத் தொட்டியும் எஞ்சியிருந்தன. இருபது அடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட அத்தொட்டி, 1950இல் தொடங்கப்பட்ட காங்கேசன் சீமெந்துத் தொழிற்சாலையின் சீமெந்தினாற் கட்டப்பட்டது. தொழிற்சாலை 1990இல் ஓய்ந்துவிட்டது. தொட்டியிலோ ஒரு வெடிப்பேனும் இல்லை என்று அவர் பெருமையோடு கூறுவதுண்டு.

ஜேர்மனியில் வாழும் மகன் தந்தையாரின் தனிமையைப் போக்கும் பொருட்டு ஒரு விளையாட்டுப் புகையிரதத்தை அனுப்பிவைத்தான். நியூரம்பேர்க்கிலிருந்து 1968ஆம் ஆண்டு முதல் வெளிவந்த எல்.ஜி.பி. வகையைச் சேர்ந்தது அது. வீட்டு மேசையில் அன்றித் தோட்டத்தில், மழையிலும் வெயிலிலும் ஓடக்கூடியது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 45 மில்லிமீற்றர். முதியவர் தண்டவாளத்தைத் தொட்டியைச் சுற்றி அமைத்தார். இரண்டு நாள்கள் மகிழ்ச்சியோடு ஓடவிட்டார். மூன்றாம் நாள் அவருடைய தொழிற்கண் விழித்துக்கொண்டது. அது ஐரோப்பிய மலைப்பாங்கில் ஓடும் ஒடுக்கப்பாதைப் புகையிரதத்தின் உரு. அத்தகைய பாதையின் அகலம் ஒரு மீற்றர். ஆகவே உருவின் அளவு இருபத்திரண்டரையில் ஒன்று. இலங்கையின் அகலப் பாதையோ ஐந்தரை அடி. அதனை 45 மில்லிமீற்றருக்குள் அடக்குவதாயின் உருவத்தை முப்பத்தேழில் ஒன்றாகக் குறைத்தல் வேண்டும். அவர் ஜேர்மனிய வண்டியின் மேற்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சில்லுகளின் மீது தம் கையாற் செய்த மரக்கூடு ஒன்றைப் பொருத்தினார். கனடாவிலிருந்து ஐம்பதுகளில் வந்துசேர்ந்த, அந்நாட்டு மாகாணங்களினதும் நகரங்களினதும் பெயர்களைத் தாங்கிய டீசல் இயந்திரங்களுள் ஒன்றின் சாயல் அதற்கு இருந்தது. 1956 ஏப்ரிலிற் சேவையைத் தொடங்கிய யாழ்தேவியை அவ்வியந்திரங்கள் இழுத்துச் சென்றதைச் சிறுவனாக நின்று பார்த்தவர் அவர்.

முப்பத்தேழில் ஒன்று என்ற அளவு இவ்வாறு முடிவாயிற்று. அதன் பின்னர் அவர் செய்த ஒவ்வொரு பொருளும் அவ்வளவுக்குக் கட்டுப்பட்டது. நிலையக் கட்டடம், மேடை, கைகாட்டி மரம், மேடையில் நிற்கும் மனிதர் யாவும் அமைந்தன. மனிதன் ஒருவனின் உயரம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குலம். எஞ்சியிருந்தது நீர்.

வடபகுதிப் புகையிரதத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு நீரின்றி அக்காட்சி நிறைவுறாது என்பது விளங்கும். யாழ்ப்பாணத்துப் புகையிரதம் கொழும்பிலிருந்து நிலவழியாக ஊர்ந்து வந்து பிறந்ததன்று. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே அது தனித்து ஓடத் தொடங்கியது. தெற்கிலிருந்து வந்த பாதை 1905இலேயே அதனுடன் இணைந்து முழுமை பெற்றது. மூன்று ஆண்டுகள் அது கடலை ஒருமுனையாகக் கொண்ட தனிப்பாதையாகவே இருந்தது. துறைமுகமும் புகையிரத நிலையமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஊர் அது. ஆகவே தொட்டியின் ஓரத்தில் ஒரு கலம் நிற்றல் வேண்டுமென அவர் முடிவு செய்தார். எந்தக் கலம் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. அன்னபூரணிதான்.

வல்வெட்டித்துறை ஓடாவிகள் வேப்பமரத்தினாற் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றி, வல்வெட்டித்துறை மாலுமிகளையே அதிற் கொண்டு, 1937இல் இலங்கையிலிருந்து அமெரிக்கா நோக்கிச் செலுத்துவித்தார். 1938 ஆகஸ்டில் அது மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. இக்கதையை முதியவர் தம் தந்தையாரின் மடியிலிருந்து கேட்டவர். கப்பலைக் கண்ணாற் கண்டவரல்லர். ஏறத்தாழத் தொண்ணூறு அடி நீளமான அக்கப்பல் முப்பத்தேழில் ஒன்றாகக் குறையும்போது இருபத்தொன்பது அங்குலமாகும். தொட்டிக்குப் பொருத்தமான அளவே.

மரவேலை அவருக்குப் புதிது. ஆயினும் பொறுமை பழையது. வளவின் ஓரத்திற் பட்டுப்போய் நின்ற வேம்பை அரிவித்து, அரை அங்குலத் தடிப்பான பலகைகளாக்கி நிழலில் உலரவைத்தார். கிடைத்த ஒளிப்படங்களைக் கொண்டு உருவரை வரைந்தார். நீர்மட்டத்துக்கு இணையாக ஒவ்வொரு பலகையையும் வளைவாக அறுத்து, உட்புறத்தைக் குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். ஒட்டி முடித்தபோது அது படிக்கட்டுப்போற் காட்சியளித்தது. படிகளைச் சீவிச் சீவி வளைவாக்கும் வேலை நான்கு மாதங்களை விழுங்கிற்று. தடித்த காகிதத்தில் வெட்டிய அச்சுகளை இரு பக்கங்களிலும் மாறிமாறி வைத்துப் பார்ப்பார். ஒருபக்கம் கடுகளவு குறைந்தால் மறுபக்கத்தையும் கடுகளவு சீவுவார். பாய்மரங்கள், பருமல்கள், கயிறுகள், நங்கூரம் எல்லாம் அளவு பிசகாமல் அமைந்தன. அடியில் ஓடும் ஏராவும் உண்மைக் கப்பலின் அளவைப் பின்பற்றி, ஒரு விரற்கடைக்கும் குறைவாகவே வெளியே நீண்டிருந்தது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். பத்து வயதுப் பேரன் அப்பப்பாவின் வளவைக் கண்டு வியந்து நின்றான். கப்பலை நீரில் இறக்குவதற்கு நல்லநாள் பார்க்கப்பட்டது. அயலவர் சிலரும் கூடினர். ஊதுபத்தி கொளுத்தி, சிறு தேங்காய் ஒன்றை உடைத்து, முதியவர் கலத்தை இரு கைகளாலும் ஏந்தித் தொட்டியில் வைத்தார். அது நிமிர்ந்து நின்றது. பாய்கள் விரிந்தன. சோளகக் காற்று வேலியைத் தாண்டி ஒருமுறை வீசிற்று. அன்னபூரணி எவ்விதத் தயக்கமுமின்றிப் பக்கவாட்டிற் சாய்ந்து கவிழ்ந்தது. நிமிர்த்திவிட்டார்; மறுபடியும் கவிழ்ந்தது. மூன்றாம் முறை உட்புறத்தில் நீர் ஏறி, பக்கவாட்டிற் சாய்ந்தபடியே நீரில் அமிழ்ந்து மிதந்து கிடந்தது. பேரன் சிரித்துவிட்டான். சிரித்தது பிழையென உணர்ந்து உடனே வாயைப் பொத்திக்கொண்டான். அந்த இரண்டாவது செயலே முதியவரை அதிகம் வருத்தியது.

அளவில் எங்கே பிழை நேர்ந்தது என்று அவர் இரவெல்லாம் கணக்குப் பார்த்தார். பிழை இருக்கவில்லை. மகனின் குடும்பம் திரும்பிச் சென்றதன் பின்னர், கப்பலை ஒரு சாக்கிற் சுற்றிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் பேருந்தேறினார். அங்கே முதிய ஓடாவி ஒருவர் இருந்தார். தம் இளமையில் வள்ளங்களும் வத்தைகளும் கட்டியவர். கண்ணாடியிழைப் படகுகள் வந்த பின்னர் மரவேலை குறைந்தது. கடலுக்குத் தடைகள் வந்தபோது எஞ்சியதும் நின்றது. அவருடைய பிள்ளைகளில் ஒருவரேனும் உளியைத் தொடவில்லை. ஓடாவியார் கப்பலை மடியில் வைத்து நெடுநேரம் தடவினார். ஒட்டுகளுக்குக் கலப்பற்றுச் செய்தது போதாதென்றார். அணியத்தின் வளைவு நன்றென்றார். பின்னர் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, கப்பலைச் சின்னனாக்கிப் போட்டியள். தண்ணியைச் சின்னனாக்கேலுமோ? காத்தைச் சின்னனாக்கேலுமோ?"

நிலைய அதிபர் வீடு திரும்பும் வழியெல்லாம் அதனையே எண்ணினார். எண்ண எண்ண அது கணக்காக விரிந்தது. நீளம் முப்பத்தேழில் ஒன்றாகும்போது பாயின் பரப்பு முப்பத்தேழின் வர்க்கத்தாற் குறைகின்றது. அஃதாவது 1,369இல் ஒன்றாகின்றது. கப்பலின் நிறையோ கனத்தாற் குறைகின்றது, 50,653இல் ஒன்றாகின்றது. நூறு தொன் நீரை விலக்கி மிதக்கும் கலம் இரண்டு கிலோகிராம் நீரையே விலக்கும். காற்று மட்டும் முன்னைப் போலவே வீசுகின்றது. சாய்க்கும் வலிமை ஒரு படி குறைய, நிமிர்த்தும் வலிமை இன்னொரு படியும் மேலாகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே அளவு பிசகாத சிறுகலம் தன் மூலக்கலத்தை விட முப்பத்தேழு மடங்கு எளிதிற் சாய்வதாகும். அவருடைய கப்பல் கவிழ்ந்தது அவர் அளவு தவறியதனாலன்று. அளவைத் தவறாது பின்பற்றியதனாலேயே.

இவ்வுண்மை அறிஞர் உலகுக்குப் புதியதன்று. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், 'அன்னம்' எனவும் 'காகம்' எனவும் பொருள்படும் பெயர்களையுடைய இரு வடிவங்களை மூன்று, ஆறு, பன்னிரண்டு அடி நீளங்களிற் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். 1872இல் டோர்க்கி நகரில் அதற்கெனவே நீண்ட நீர்த்தொட்டி ஒன்றையும் அமைத்தார். சிறுகலம் எழுப்பும் அலை பெருங்கலம் எழுப்பும் அலையை ஒத்திருக்க வேண்டுமாயின், வேகத்தை நீளத்தின் விகிதத்தாலன்றி அதன் வர்க்கமூலத்தாற் குறைத்தல் வேண்டுமென அவர் கண்டார். முப்பத்தேழின் வர்க்கமூலம் ஏறத்தாழ ஆறு. மணிக்கு எட்டுக் கடல்மைல் செல்லும் கப்பலின் சிறுவடிவம் மணிக்கு ஒன்றேகால் கடல்மைல் அளவிற் சென்றாலே அதன் அலை உண்மைபோலத் தோன்றும். உருவுக்கு ஒரு விதி, எடைக்கு ஒரு விதி, வேகத்துக்கு ஒரு விதி. எல்லாவற்றையும் ஒரே கோலால் அளந்து குறைக்க முடியாது.

அடுத்த ஆண்டுக்குள் அவர் இரண்டாவது கப்பலைக் கட்டினார். மேற்பாகம் முன்னையதைப் போன்றதே. பாரம் குறைய வேண்டுமென்பதற்காக உடலை இன்னும் மெல்லியதாகக் குடைந்தார். ஏராவின் கீழே, எந்த ஒளிப்படத்திலும் காணப்படாத ஓர் உறுப்பைச் சேர்த்தார். ஐந்து அங்குலம் கீழிறங்கும் பித்தளைத் தகடு. அதன் நுனியில் ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி வார்த்த ஈயம் அது. நீரில் இறக்கியதும் கப்பல் உரிய மட்டத்துக்கு அமிழ்ந்து நின்றது. காற்று வீசியபோது சாய்ந்தது, தயங்கியது, நிமிர்ந்தது. தொட்டியின் நீளத்தை முதன்முதலாக ஓடிக் கடந்தது. கரையில் அவரைத் தவிர வேறொருவரும் இருக்கவில்லை.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் அந்தப் பித்தளைத் தகடு அவருடைய மனத்தை உறுத்தாமலில்லை. அளவிலே நேர்மை என்பதையே வாழ்நாள் முழுவதும் போற்றியவர் அவர். நேரம் தவறிய வண்டியின் நிமிடத்தைக்கூடக் குறிப்பேட்டிற் குறையாது எழுதியவர். உண்மைக் கப்பலில் இல்லாத ஒன்றைச் சேர்த்தால்தான் அது உண்மைக் கப்பலைப்போல மிதக்கும் என்ற நிலையை ஏற்பதற்கு அவருக்குச் சில காலம் பிடித்தது.

மறு ஆகஸ்டில் பேரன் மீண்டும் வந்தான். இப்போது பதினொரு வயது. கப்பல் ஓடியது, யாழ்தேவி தொட்டியைச் சுற்றி வந்து துறைமுகத்தருகே நின்றது. அப்பப்பா இரண்டினதும் கதைகளைச் சொன்னார், ஆண்டுகளையும் சொன்னார். சிறுவன் சற்றுநேரம் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான். தமிழைத் தேடித்தேடிப் பேசுபவன் கேட்டான்:

"அப்பப்பா, கப்பல் 1937இல போட்டுது. றெயில் 1956இலதான் வந்தது. ரெண்டும் எப்பிடி ஒண்டா நிக்கும்? இது எந்த வருசம்?"

முதியவரால் உடனே விடையிறுக்க முடியவில்லை. மில்லிமீற்றர் பிசகாமல் அமைத்த அக்காட்சியில் பத்தொன்பது ஆண்டுகள் பிசகியிருந்தன. தந்தையாரிடம் கேட்டதும் தாம் கண்டதும் அவருடைய நெஞ்சில் ஒரே துறையில் நின்றன. ஆகவே தொட்டியிலும் ஒரே துறையில் நின்றன. அதனினும் பெரிய பிசகு வேறொன்றும் இருந்தது. தொட்டியைச் சுற்றி ஓடிய தண்டவாளத்தில் ஓரிடத்திலேனும் இடைவெளி இல்லை. ஊருக்கு வெளியே அத்தண்டவாளம் இருபத்துநான்கு ஆண்டுகள் இல்லாதிருந்தது. வட பாதையின் புகையிரத சேவை 1990 யூனில் நின்றது. யாழ்ப்பாணம் வரை அது மீண்டது 2014 ஒக்ரோபரில். காங்கேசன்துறை வரை மீண்டது 2015 சனவரி 2ஆம் திகதி. இடைக்காலத்தைத் தம் காட்சியிலிருந்து அவர் அகற்றிவிட்டார் என்பதை அச்சிறுவனின் கேள்விதான் அவருக்கு உணர்த்தியது. நல்லவற்றை மட்டும் சிறிதாக்கி, மற்றையதை வளவுக்கு வெளியே விட்டுவிடலாமென அவர் எண்ணியிருந்தார் போலும். வெளியே விட்டது மட்டும் தன் முழு அளவிலேயே இருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் பேரனுக்கு அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொன்னார். இடம்பெயர்ந்த நாளைச் சொன்னார். தண்டவாளம் அகற்றப்பட்டதைச் சொன்னார். கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பிய காலையைச் சொன்னார். மகன் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் இவற்றுட் பலவற்றை இதற்கு முன் கேட்டிருக்கவில்லை. மறுநாள் முதியவர் சிறு பலகைகள் இரண்டில் ஆண்டுகளை எழுதினார். கப்பல் நின்ற துறையில் 1937. நிலைய மேடையில் 1956. தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கழற்றி வைத்து, அவ்விடத்தில் மூன்றாவது பலகையை நட்டார்: 1990 – 2015. வண்டியை ஓட்ட விரும்பும்போது பேரன் அத்துண்டைத் தன் கையாற் பொருத்துவான். ஓடி முடிந்ததும் மீண்டும் கழற்றி வைப்பான். இவ்வொழுங்கு எவரும் சொல்லாமலே ஏற்பட்டது.

ஒன்றைச் சிறிதாக்குபவன் எதையோ சேர்த்தும் எதையோ விட்டும்தான் அதனைச் செய்ய வேண்டியவனாகிறான். கப்பலின் அடியிற் சேர்த்த ஈயத்தால் எவருக்கும் தீங்கில்லை; கேட்பவருக்குக் கப்பலைத் தூக்கிக் காட்டிவிடலாம். ஆண்டுகளை விட்டுவிட்டதோ அத்தகையதன்று. அது கேட்கப்பட்டாலன்றித் தெரியாது. கேட்பதற்கோ அறிந்த ஒரு பிள்ளை வேண்டும். நினைவைப் பிள்ளைகளுக்குக் கையளிக்க முயலும் எல்லோருக்கும் இது பொருந்துமெனலாம். அழகாகச் சிறிதாக்கிக் கொடுப்பது அன்பின் இயல்பு. எனினும் அந்த அழகு காற்றில் நிமிர்ந்து நிற்க வேண்டுமாயின், அதன் அடியிற் பாரமான ஏதேனும் இருத்தல் வேண்டும்.

காங்கேசன்துறையிலிருந்து இன்று கொழும்புக்கு மீண்டும் வண்டி புறப்படுகின்றது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் அத்துறையை வந்தடைந்தது. முதியவர் அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்து, வெட்டி வைத்திருக்கிறார்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் அவர் பேரனுக்கு இரண்டாவது கப்பலைப் பொதிசெய்து வைத்திருந்தார். சிறுவன் அதனை வேண்டாமென்றான். சாக்கிற் சுற்றி மூலையிற் கிடந்த முதற் கப்பலையே கேட்டான். "அது கவிழுமெல்லோ, ராசா" என்றார் அப்பப்பா.

"ஏன் கவிழுது எண்டு எனக்குத் தெரியும் அப்பப்பா. நான் அதுக்கு ஈயம் வைப்பன்" என்றான் அவன்.